ஜிம்மிக்கு மூட்டு வலி

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு 12 வயது. லேப்ரடார். பால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் போதும், ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு ஓடிவிடுவான். போன மார்கழியில் ஒரு நாள் காலை மணி அடித்தது, ஜிம்மி வரவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். முன்னங்கால்களை ஊன்றினான். பின்பக்கம் எழும்பவில்லை. டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் இரண்டும் வழுக்கி விலகின. நாலாவது முயற்சியில்தான் நின்றான். நின்ற பிறகும் முதல் சில அடிகளை விறைத்த காலோடு எடுத்து வைத்தான்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, அவனுக்கு வலிக்குதா? வலிச்சா கத்துவானே?" என்று கேட்டாள்.

குழந்தைகளே, உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். வாலை யாராவது மிதித்துவிட்டால் நாய் வீலென்று அலறும். ஆனால் நாள்பட்ட வலியைப் பெரும்பாலும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். அந்த வலியை நாம் காதால் தேடக் கூடாது, கண்ணால் தேட வேண்டும். அன்றைக்கு நாங்கள் யோசித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஜிம்மி மாடிப்படியின் கீழே நின்று தயங்குகிறான். சோபாவில் ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டான். பின்னங்காலின் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். உருண்டு திரண்டிருந்த பின்தொடைச் சதை வற்றிவிட்டது. இவ்வளவும் வலியின் அடையாளங்கள். "வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிட்டான்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டுத் தேய்மானம்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

அடுத்த முறை வீட்டில் கோழிக்குழம்பு வைத்தால், கால் துண்டின் எலும்பு முனையைப் பாருங்கள். வெள்ளையாக, பளபளப்பாக, வழுவழுவென்று ஒரு பூச்சு இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நமக்கும் நாய்க்கும் மூட்டில் எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் இந்தப் பூச்சு உண்டு. இரண்டுக்கும் நடுவே முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பான திரவம் இருக்கும். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது போல, மூட்டு உரசாமல் அசைய இது உதவுகிறது.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால் தேய்ந்த இடம் லேசில் சரியாவதில்லை. நரம்பும் கிடையாது. அதனால் தேயத் தொடங்கும்போது வலியும் தெரிவதில்லை. பூச்சு போய், அடியில் இருக்கும் எலும்பும் மூட்டைச் சுற்றிய உறையும் பாதிக்கப்படும்போதுதான் வலி வெளிப்படும். இடுப்பில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்கள் சிலவற்றுக்கு அந்தப் பந்து கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும். தளர்ந்த மூட்டு சீக்கிரம் தேயும்.

வலி இடுப்பில், கை தோளில்

மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், தரையில் உட்கார்ந்து ஜிம்மியின் தோளை விரல்களால் மெல்லப் பிசையத் தொடங்கினார். ஜிம்மிக்குக் கண் சொக்கியது.

"டாக்டர், வலி இடுப்புலதானே? ஏன் தோளைப் பிடிச்சு விடறீங்க?" என்று என் அண்ணன் மகள் கேட்டாள்.

"இங்கே கையை வெச்சுப் பாரும்மா" என்றார் அவர். தொட்டுப் பார்த்தாள். சதை கயிறு போல இறுகியிருந்தது.

நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்னங்கால் வலித்தால், நாய் அந்தப் பக்கத்துச் சுமையையும் முன்னால் தள்ளிவிடும். இங்கே ஒரு விந்தை இருக்கிறது. உங்கள் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம் இரண்டு புறமும் தடவிப் பாருங்கள். குறுக்காக ஓர் எலும்பு தட்டுப்படும். அது காறை எலும்பு. நம் கையை உடம்போடு இணைக்கும் எலும்புப் பாலம் அதுதான். நாய்க்கு அந்தப் பாலம் இல்லை. அதன் முன்னங்கால்கள் உடம்போடு தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஊஞ்சலில் தொங்கும் பலகை போல, ஜிம்மியின் நெஞ்சுக்கூடு இரண்டு தோள்களுக்கு நடுவே தசைகளில் தொங்குகிறது. இடுப்பு செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்தால் அந்தத் தசைகள் களைத்து இறுகத்தானே செய்யும்?

ஆகவே ஜிம்மிக்கு வலி இரண்டு இடத்தில். ஒன்று, தேய்ந்த மூட்டில். இன்னொன்று, அந்த மூட்டுக்காகக் கூடுதலாக உழைக்கும் தசைகளில். நீவி விடுவதால் தேய்ந்த குருத்தெலும்பு வளராது. ஆனால் அந்த மூட்டுக்காக உழைத்துக் களைத்துப்போன தசைகளை நம் கையால் தளர்த்த முடியும்.

தேய்த்தால் ஏன் இதமாக இருக்கிறது?

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? யாரும் சொல்லித் தராமலே மறு கையால் தேய்த்து விடுவீர்கள். வலி கொஞ்சம் குறையும். ஏன்?

தோலிலிருந்தும் தசையிலிருந்தும் செய்திகள் நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகின்றன. தொடுகையைச் சொல்லும் நரம்பிழைகள் தடித்தவை. அவற்றில் செய்தி விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் போகும். அது எக்ஸ்பிரஸ் ரயிலை முந்தும் வேகம். மந்தமான, நச்சரிக்கும் வலியைச் சொல்லும் இழைகள் மிக மெல்லியவை. அவற்றில் செய்தி ஏறக்குறைய நாம் நடக்கும் வேகத்தில்தான் போகும். 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசற்கதவு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தொடுகைச் செய்தி நிறைய வந்தால், அது வலிச் செய்திக்கான கதவை ஓரளவு சாத்திவிடுகிறது. மூளைக்குப் போகும் வலி குறைகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இதில் சில விவரங்களைத் திருத்தின. ஆனால் தொடுகை வலியை அடக்கும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

எப்படி நீவுவது?

முதலில் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களோடு நன்றாகப் பழகிய வீட்டு நாயை மட்டுமே தொட வேண்டும். தெருநாயிடம் இதைச் செய்து பார்க்கவே கூடாது. வலியில் இருக்கும் நாய் சட்டென்று கடித்துவிடலாம்.

நாங்கள் செய்யும் முறை இது. சாப்பாட்டு நேரம் தள்ளி, ஜிம்மி படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்காருவோம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை எங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்போம். சுடவில்லை என்றால் அவன் இடுப்பில் ஐந்து நிமிடம் போடுவோம். பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கழுத்திலிருந்து வால் வரை முடி படிந்த திசையிலேயே மெல்ல நீவுவோம். முதுகெலும்பின் மேல் அழுத்த மாட்டோம். அதன் இரு பக்கத்துச் சதையில்தான் கை போகும்.

அடுத்து தோள். விரல் நுனியின் மெத்தென்ற பகுதியால் சின்னச் சின்ன வட்டமாகப் பிசைய வேண்டும். எவ்வளவு அழுத்தலாம்? பழுத்த தக்காளியைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். தோல் கிழியாத அளவுதான் கணக்கு. பிறகு பின்தொடை. நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக வளைந்திருப்பதை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணுக்கால்! நாய் எப்போதும் கால்விரல்களில் நிற்கிறது. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, நம்மைப் போலவே முன்பக்கமாக இருக்கிறது. அதற்கும் மேலே இருக்கும் சதைதான் தொடை. அங்கே பிசைந்து, கடைசியில் மறுபடி நீளமாக நீவி முடிப்போம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். வலிக்கும் மூட்டின் மேலேயே அழுத்தவோ, காலை இழுக்கவோ, மடக்கவோ கூடாது.

போதுமா வேண்டாமா என்று நாயே சொல்லும். இமை தாழ்ந்து, பெருமூச்சு விட்டு, காலைத் தளர்த்திப் போட்டால் பிடித்திருக்கிறது. தோல் துடித்தால், உங்கள் கையைத் திரும்பிப் பார்த்தால், உதட்டை நக்கினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், எழப் பார்த்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். உறுமும் வரை காத்திருக்காதீர்கள்.

காய்ச்சல், புண், கட்டி, புதிதாக வந்த வீக்கம் இருந்தால் நீவக் கூடாது. பாட்டியின் முட்டிக்குப் போடும் தைலத்தை நாய்க்குப் பூசவே கூடாது. நாய் அதை நக்கிவிடும். அதில் இருக்கும் கற்பூரம் போன்ற பொருள்கள் அதற்கு நஞ்சு. நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளும் அப்படித்தான். அவை நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கை கண்டுபிடித்தது

நீவுவதோடு ஜிம்மிக்கு வேறு உதவிகளும் செய்தோம். அவன் நடக்கும் வழியெல்லாம் வழுக்காத மிதியடிகளை விரித்தோம். நகத்தை வெட்டிவிட்டோம். பிஸ்கட்டை நிறுத்தி உடல் எடையைக் குறைத்தோம். எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் 48 லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாய்க்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். ஒல்லியாக இருந்தவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாக வந்தது. அவை ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூடுதலாகவும் வாழ்ந்தன.

என் அண்ணன் மகள் ஒரு நோட்டுப் போட்டாள். தினமும் காலையில் ஜிம்மி எத்தனையாவது முயற்சியில் எழுகிறான் என்று எழுதினாள். முதல் பக்கத்தில் 4, 4, 3, 4. மூன்றாவது பக்கத்தில் 2, 2, 1, 2. மருந்து, மிதியடி, எடை, நீவுதல் எல்லாம் ஒரே சமயத்தில் தொடங்கியதால், எது எவ்வளவு உதவியது என்று இந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதையும் அவளே கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் மாலை நீவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அத்தை, வலது முழங்கை மட்டும் சுடுது." நாயின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். நம்முடையது சுமார் 37 டிகிரி. அதனால் நாயை எங்கே தொட்டாலும் கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவள் தினமும் தொட்டுப் பழகியவள். இடது முழங்கையையும் தொட்டு ஒப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள். மறுநாள் டாக்டர் பார்த்தார். சுமை தாங்கித் தாங்கி அந்த மூட்டிலும் வீக்கம் தொடங்கியிருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் மருந்தை மாற்றிக் கொடுத்தார். கண்ணுக்கும் காதுக்கும் தெரியாமல் இருந்ததை ஒரு சிறுமியின் உள்ளங்கை கண்டுபிடித்திருந்தது.

இன்று காலை பனி அதிகம். நோட்டில் 3 என்று எழுதியிருக்கிறாள். சைக்கிள் மணிக்கு ஜிம்மி ஓடவில்லை. மிதியடி மேல் ஒவ்வோர் அடியாக வைத்து வாசல் வரை நடந்து போய், பால்காரரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு வந்தான். அவள் தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். நேராக அவளிடம் போய்ப் படுத்துக்கொண்டான்.