லினக்ஸ் போட்டதும் வைஃபை காணவில்லையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14 அக்டோபர் 2025-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத மடிக்கணினி பழுதாகிவிட்டதாகப் பொருளில்லை. லினக்ஸ் மின்ட் நிறுவினால், அண்ணன் பயன்படுத்தியது தம்பியின் எஸ்பிஎம் படிப்புக்கும் உதவும்.

சிக்கல் பெரும்பாலும் வைஃபையில்தான் தொடங்கும். பிராட்காம் சில்லு உள்ள பழைய கணினிகளில் இணைப்புப் பட்டியலே வராமல் போவதுண்டு. அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையமோ இல்லை!

கியா பார்மில் இருப்பவர், கணினியைத் தூக்கிக்கொண்டு பிரிஞ்சாங் கடைக்கு இறங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியில் செருகி, அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை இயக்கினால் கணினிக்கு இணையம் வந்துவிடும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ பரிந்துரைப்பதை நிறுவி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். கைப்பேசி டேட்டாவில் மற்ற அப்டேட்டுகளைத் தொடாதீர்கள். ஒரே மூச்சில் தீர்ந்துவிடும்.

‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினியில், டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லலாம். மறுதொடக்கத்தில் நீலத்திரை தோன்றினால் பதற வேண்டாம். ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தட்டினால் போதும்.

இன்னும் நிறுவாதவர்கள் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபை வருகிறதா என்று பார்த்துவிடலாம். நிறுவும்போது வட்டை அழிக்கும் தேர்வை அழுத்தினால் பழைய படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் போய்விடும். முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.