காய் நறுக்கத் தெரியுமா, மேனேஜர் சார்?

எங்கள் ஆபீஸில் எனக்குக் கீழே ஏழு பேர். போன மார்ச் கடைசியில் ஒரு ஸ்டேட்மென்ட் தப்பாகப் போய்விட்டது. கூட்டலைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டு, "யாருய்யா இதைப் போட்டது?" என்று கத்தியபோது, என் சுட்டுவிரல் என்னைக் கேட்காமலேயே ஜூனியர் பையன் பக்கம் நீண்டுவிட்டது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் 'குட்மார்னிங் சார்' சொன்னான். ஆனால் பதினோரு மணி டீக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. நாலு வருஷமாகச் சேர்ந்து டீ குடித்தவன்!

மனசு சரியில்லையா, திருவண்ணாமலைக்குப் போ என்பது சென்னைக்காரர்களின் கைவைத்தியம். நானும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்பியவன், கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டரிலேயே, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். காரணம் பக்தி இல்லை, குதிகால்.

மயில்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாங்க் மேனேஜராக இருந்து ரிடையராகி, அந்தப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டவர். முன்பின் தெரியாதவரிடம்தான் மனுஷன் உண்மை பேசுவான். என் கதையைக் கொட்டினேன்.

"சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தீங்களா?" என்றார்.

"இல்லையே சார். பசிக்கலை."

"அதுக்கில்லை தம்பி. 1930-கள்லகூட ரமணர் விடியறதுக்கு முன்னாடியே அங்கே வந்து உட்கார்ந்துடுவார். காய் நறுக்குவார், துவையல் அரைப்பார். 'நீங்க செய்யுங்க, நான் வரேன்'ங்கிற ஆள் இல்லை. கீழே சிந்தின அரிசியைக்கூடப் பொறுக்கி எடுப்பார். பந்தியிலே அவருக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டா கண்டிப்பார். எல்லாருக்கும் என்னவோ, அதுதான் அவருக்கும்."

"அப்ப நிர்வாகத்தை யார் பார்த்தாங்க?"

"அவரோட தம்பி, நிரஞ்சனானந்த சுவாமி. அந்தப் பதவிக்குப் பேரே 'சர்வாதிகாரி'தான்!"

எங்கள் ஆபீஸில் அந்தப் பெயரில் பதவி கிடையாது, ஆட்கள் மட்டும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஆட்களில் நானும் ஒருவன் என்பது உறைக்கவே, மூடிக்கொண்டேன்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பலனை எதிர்பார்க்காமல் வேலை செய்வது என்றால் என்ன என்று ரமணரிடம் ஒருவர் கேட்டாராம். அவர் பதில் சொல்லவில்லை. மலையில் கிடந்த ஒரு முள்கிளையை எடுத்தார். முள்ளைச் சீவி, கணுக்களைத் தட்டி, சொரசொரப்பான இலையால் தேய்த்து, மணிக்கணக்காக உட்கார்ந்து வழவழவென்று ஒரு கோல் செய்தார். கோலைத் தொலைத்துவிட்டு ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் அந்த வழியாக வந்தான். அவன் கையில் அதைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

நானாக இருந்தால் கோலில் என் பெயரைச் செதுக்கியிருப்பேன். கோல் உடைந்திருந்தால் ஜூனியர் பெயரை!

இத்தனைக்கும் 1896-ல் இந்த ஊருக்கு வந்தவர், 1950-ல் மறையும்வரை ஊரைவிட்டு நகரவில்லை. 54 வருஷம். டிரான்ஸ்ஃபர் இல்லை, பிரமோஷன் இல்லை. காய் நறுக்குவதைக் கௌரவக் குறைச்சலாகவும் நினைக்கவில்லை.

எழுந்திருக்கும்போது பெரியவர் சொன்னார்: "திட்டு வரும்போது மேனேஜர் முன்னாடி நிக்கணும். பாராட்டு வரும்போது பின்னாடி நிக்கணும். நான் சர்வீஸ் பூரா மாத்தி மாத்தி நின்னுட்டேன். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு."

திங்கட்கிழமை காலை பெரியவர் அறைக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் பெரியவர். "அந்தத் தப்பு என்னோடது சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்க்ரிமென்ட் டயத்துல பேசிக்கலாம்" என்றார். அது மிரட்டலா, மன்னிப்பா என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து, ஏழு பேர் முன்னாலும் பையனிடம் அதையே சொன்னேன். தலையாட்டினான்; வேலையைப் பார்த்தான்.

பதினோரு மணிக்கு நானே கீழே இறங்கி இரண்டு டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். டீ ஆறிக்கொண்டே இருந்தது. வரமாட்டான் என்று நினைத்த நேரத்தில் வந்தான். ஒரு வாய் குடித்தான்.

"சர்க்கரை கம்மி சார்" என்றான்.

பல வாரங்களுக்குப் பிறகு, ஆபீஸ் சம்பந்தமில்லாமல் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இப்போதெல்லாம் கூட்டலை நான் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து!