முகக்காயம் ஆறும் நாட்கள்



விடியுமுன் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சைக்கிளில் செல்வோருக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்கள். லாரிக்கு ஒதுங்கும்போது ஒருவர் முகமடிக்க விழுந்தால் செய்யவேண்டியதையும் அறிந்திருங்கள்.

காயத்தில் காப்பித்தூள் போடாமல், சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பெரியவர்களின் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் அவரோடு கொண்டுவாருங்கள். டி.டி. ஊசியை மறக்கவேண்டாம். பற்கள் முன்போல் பொருந்தாவிட்டால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். 1870-ல் நாசரேத்தில் டாக்டர் ஸ்ட்ராக்கன் மருத்துவ ஊழியம் தொடங்கியபோது எக்ஸ்ரே கிடையாது. இன்று முறிவை அதில் தெளிவாய்க் காணலாம்.

மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டினால், எலும்பு கூட 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை கஞ்சி, பால், கேழ்வரகுக் கூழ்தான் ஆகாரம். வாந்தி வந்தால் முன்னால் குனியவேண்டும். மூச்சுத் திணறினால் கம்பியை வெட்ட, சிறு கட்டிங் பிளேயர் எப்போதும் அருகில் இருக்கட்டும். தையலை ஒரு வாரத்தில் பிரித்தாலும், தழும்பு மங்க ஓராண்டுகூட ஆகும். உப்பளத்து வெயில் அதில் படாதபடி துண்டால் மறைப்பது நல்லது.

அந்த வாரங்களில் கூலி இல்லை. உங்கள் காணிக்கை சிகிச்சைக்கும் அவ்வீட்டு அரிசிக்கும் உதவும். இன்னொன்றும் கேட்கிறோம்: ஆலயத்தில் அந்த முகத்தைக் காணும்போது பார்வையைத் திருப்பாமல், புன்னகையோடு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.