முதல் 3,000 கிலோமீட்டர்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ளது சுஃபன்ஹவுசன். போர்ஷே நிறுவனத்தின் தலைமையகமும் அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. 911 கார்கள் உருவாகும் ஆலையும் அங்கேதான். புதுக் கார் வாங்கியவர் விரும்பினால் நேரே ஆலைக்கே வந்து வண்டியைப் பெற்றுக்கொள்ளலாம். ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள், வண்டியின் ஒவ்வொரு வசதியையும் விளக்குவார்கள், சாவியைக் கையில் கொடுப்பார்கள். வெளியே வந்து சற்று தூரம் போனால் ஆட்டோபான் நெடுஞ்சாலை. அதன் பல பகுதிகளில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. 2018 இறுதியில் அறிமுகமான 911 கரேரா எஸ் காரின் திறன் 450 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு 308 கி.மீ. இத்தனை வேகம் கையில் இருக்கும்போது யாருக்குத்தான் கால் துறுதுறுக்காது?

காருடன் வரும் கையேடோ பொறுக்கச் சொல்கிறது. முதல் 3,000 கி.மீ. வரை இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டக் கூடாது. அந்த இன்ஜின் 7,500 சுற்று வரை போகக்கூடியது. அதில் பாதியை ஒட்டித்தான் அனுமதி. பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களில் முதல் 2,000 கி.மீ. வரை 5,500 சுற்றும் மணிக்கு 170 கி.மீ. வேகமும் எல்லை. அமெரிக்காவின் எட்டாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இதை ஓட்டுநரின் பொறுப்பில் விடவில்லை. முதல் 800 கி.மீ. வரை, கீழ் கியர்களில் இன்ஜினின் முறுக்குவிசையைக் காரின் கணினியே குறைத்து வைக்கிறது.

இதைப் பழைய காலத்துச் சம்பிரதாயம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அது தவறு. காரின் உற்பத்தியில் கடைசிக் கட்டம் ஆலைக்குள் முடிவதில்லை. அது சாலையில், உரிமையாளரின் வலது காலுக்குக் கீழேதான் முடிகிறது.

சிலிண்டருக்குள் மலைகளும் பள்ளங்களும்

புது இன்ஜினின் சிலிண்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் நுண்ணிய கீறல்கள் தெரியும். ஹோனிங் என்ற வேலையில், தேய்ப்புக் கற்களைச் சுழற்றியபடி மேலும் கீழும் நகர்த்தி வேண்டுமென்றே போட்ட கீறல்கள் இவை. எண்ணெய் தங்குவதற்கான பள்ளங்கள் அவை. பள்ளம் இருந்தால் மேடும் இருக்கும் அல்லவா? அந்த மேடுகளின் மீதுதான் பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான பிஸ்டன் ரிங் முதன்முதலில் உரசுகிறது.

சுவரோடு இறுக்கமாகப் பொருந்த, ரிங்குக்குத் தன் மீள்விசை மட்டும் போதாது. எரிதலில் உருவாகும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. இந்த அழுத்தத்தில் மேடுகளின் முனைகள் தேய்ந்து மட்டமாகின்றன; பள்ளங்கள் அப்படியே எண்ணெயைத் தாங்கி நிற்கின்றன. ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால் வாயு கீழே கசியாது, எண்ணெய் மேலே ஏறி எரியாது.

ஆகவே மிதமிஞ்சி மெதுவாக ஓட்டுவதும் தீர்வு அல்ல. சுமையே இல்லாமல் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தால் ரிங்கை அழுத்தும் வாயுவுக்கு வலு இருக்காது. எல்லைக்குள் வேகத்தை ஏற்றி இறக்கி, மிதமான சுமையோடு ஓட்டுவதே சரியான வழி.

கார்க்கைத் தள்ளிய எண்ணெய்

உலோகம் உலோகத்தின் மேல் ஓடும்போது நடுவில் எண்ணெய் என்னதான் செய்கிறது? 1880களில் இங்கிலாந்தின் பூஷாம்ப் டவர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார்; எண்ணெய் கார்க்கைத் தள்ளியது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளியது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தியபோதுதான் உண்மை புரிந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இடுக்குக்குள் இழுத்துப்போய், முழுச் சுமையையும் தூக்கி நிறுத்தும் அளவுக்கு அழுத்தத்தை உண்டாக்கியிருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புது உலோகத்தின் மேடுகள் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைத் தொட்டால், அந்தப் புள்ளியில் வெப்பம் சட்டென்று ஏறும். மெதுவாகத் தேயவேண்டிய முனை, கிழிந்து தழும்பாகிவிடும்.

சுற்றுக்கு எல்லை வைப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன் தரும் நிலைம விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 4,000 சுற்றிலிருந்து 7,500க்குப் போனால் வேகம் இரு மடங்குகூட ஆவதில்லை. விசையோ மூன்றரை மடங்காகிறது.

தேய்ந்த முனைகள் நுண்ணிய உலோகத் தூளாக எண்ணெயில் கலக்கின்றன. கியர் பற்களிலும் இதே கதைதான். பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2,000 கி.மீ.யில் தனி சர்வீஸ் வைத்து எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பிரேக்கும் டயரும்

வேகமாக ஓடும் காருக்கு நிற்கவும் தெரிய வேண்டும். புது பிரேக் பேடில் பல பொருட்களைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். முதன்முறை கடுமையாகச் சூடேறும்போது இந்தப் பிசினிலிருந்து வாயு வெளியேறி, பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே புகுந்து பிடிமானத்தைக் குறைக்கலாம். எனவே முதலில் மிதமாக, பிறகு சற்று அழுத்தமாக, இடையிடையே ஆறவிட்டுப் பிரேக் பிடிக்க வேண்டும். அப்போது பேடின் பொருள் டிஸ்கின் மீது மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவது போன்ற வேலை இது. படலம் சீராகப் படிந்தால் பிரேக் உறுதியாகப் பிடிக்கும். கொதிக்கும் டிஸ்கை ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்து நின்றால் படலம் திட்டுத்திட்டாகிவிடும். அடுத்த முறை பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் அதிர்வு தெரியும்.

வார்ப்பச்சிலிருந்து வந்த புது டயரின் மேல்தோல் வழுவழுப்பானது. சில நூறு கிலோமீட்டர் ஓடி அந்தத் தோல் தேய்ந்த பிறகே ரப்பரின் முழுப் பிடிமானம் கிடைக்கும். அதுவரை ஈரச் சாலையின் வளைவுகளில் கூடுதல் நிதானம் வேண்டும்.

கோடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் உரிய பாடமல்ல இது. நீங்கள் நேற்று எடுத்த பைக்கின் சிலிண்டரிலும் இதே கீறல்கள் இருக்கின்றன, இதே எண்ணெய்ப் படலம்தான் ஓடுகிறது. கையேட்டின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தவறாமல் படியுங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனை வருடமானாலும், காலையில் வண்டியை எடுத்ததும் எண்ணெய் சூடேறும் வரை முறுக்காதீர்கள்.

911 காரில் அந்த 3,000 கி.மீ. முடிந்ததும், பாதுகாப்பான பந்தயத் தடம் ஒன்றில், தயங்காமல் 7,500 சுற்றைத் தொடுங்கள். அந்த இன்ஜின் அதற்காகவே செய்யப்பட்டது. அதைச் செய்து முடித்ததில் உங்கள் பங்கும் இருக்கும்.