ஃபின்ச் குருவிகள்: குஞ்சும் வேண்டாம், சண்டையும் வேண்டாம் - என்ன செய்யலாம்?

கட்டைவிரல் அளவு உடல். ஏறக்குறைய 12 கிராம் எடை. கிளி மாதிரி கத்தாது, நாய் மாதிரி நடக்கக் கூட்டிப்போக வேண்டாம். வீவக வீட்டில் செல்லப்பிராணி வளர்க்க ஆசைப்படும் பலரை ஃபின்ச் குருவிகள் ஈர்ப்பதில் ஆச்சரியமில்லை.

பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கடையில் ஒரு ஜோடி வாங்குவார்கள், கூடவே ஓர் அழகான ஓலைக்கூடும் வாங்கி மாட்டுவார்கள்.

ஆறு மாதத்தில் கூண்டுக்குள் எட்டு, பத்துக் குருவிகள். சிலவற்றின் தலையில் இறகே இல்லை. தாய்க்குருவி சோர்ந்துபோய்க் கிடக்கிறது. "இப்போ இதையெல்லாம் யாருக்குக் கொடுக்கிறது?" என்ற கேள்வி வேறு.

குஞ்சு பொரிக்காமல், சண்டை போடாமல் ஃபின்ச் குருவிகளைச் சேர்த்து வளர்க்க முடியுமா? முடியும். அதற்கு முதலில் அவற்றின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு வேகமாப் பெருகுது?

செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் பார்க்கக்கூடியது ஸீப்ரா ஃபின்ச். அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா.

அங்குள்ள வறண்ட நிலங்களில் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் முளைத்து, விதை நிறைய கிடைத்தால் குருவிகள் உடனே கூடு கட்டத் தொடங்கிவிடும். வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்வது அவற்றின் வழக்கம். குறிப்பிட்ட பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கூண்டை நினைத்துப் பாருங்கள். கிண்ணம் நிறைய தினை, எப்போதும் தண்ணீர், பாதுகாப்பான கூடு, நள்ளிரவு வரை எரியும் விளக்கு. குருவியைப் பொறுத்தவரை அது முடிவே இல்லாத மழைக்காலம்!

கணக்கும் எளிதுதான்.

- ஒரு முறைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டைகள்
- அடைகாப்பது சுமார் 2 வாரம்
- குஞ்சு கூட்டைவிட்டு வெளிவர இன்னும் சுமார் 3 வாரம்
- தானாகச் சாப்பிடப் பழக மேலும் சுமார் 2 வாரம்

ஆக ஏழு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். முந்திய குஞ்சுகளுக்குத் தகப்பன் தீனி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த முட்டைகளை இடத் தொடங்கலாம். குஞ்சுகளும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். கூடப்பிறந்தவை என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை.

பெருகினா என்ன கெட்டுப்போச்சு?

முதலில் பாதிக்கப்படுவது தாய்க்குருவி. முட்டை ஓடு உருவாகக் கால்சியம் தேவை. ஓய்வில்லாமல் முட்டையிட்டால் அது உடம்பிலிருந்து உறிஞ்சப்படும். கால்சியம் குறைந்தால் முட்டை வெளிவராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அது குருவியின் உயிரையே பறிக்கக்கூடும்.

அடுத்தது இட நெருக்கடி. கூடு கட்டும் நேரத்தில் ஃபின்ச் குருவிகள் தங்கள் மூலையைக் கடுமையாகக் காக்கும். மற்ற நேரத்தில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பவைகூட அப்போது விரட்டும், கொத்தும், இறகைப் பிடுங்கும். சண்டைக்கும் இனப்பெருக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும்.

மூன்றாவது, கூடுதல் குருவிகளை என்ன செய்வது என்பது. "பறவைதானே, பறக்க விட்டுடலாம்" என்று நினைக்க வேண்டாம். கூண்டிலேயே பிறந்த குருவிக்கு வெளியில் உணவு தேடத் தெரியாது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியைக் கைவிடுவது விலங்குகள், பறவைகள் சட்டத்தின்கீழ் குற்றமும்கூட. முதன்முறை குற்றம் புரிவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அப்படின்னா ஒண்ணே ஒண்ணு வளர்த்தா போதுமே?

போதாது. அங் மோ கியோ கெபுன் பாரு போன்ற இடங்களில் பெரியவர்கள் மெர்போக், மாத்தா புத்தே பறவைகளைக் கொண்டுவந்து பாட வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கூண்டுக்கு ஒரு பறவை.

ஃபின்ச் குருவி அப்படியல்ல. இயற்கையில் அது கூட்டமாக வாழும். நாள் முழுக்க ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்து சாப்பிடும், ஒன்றின் இறகை இன்னொன்று கோதிவிடும். மனிதர் கையில் உட்கார்ந்து கொஞ்சுவதில் பெரும்பாலான ஃபின்ச் குருவிகளுக்கு நாட்டமில்லை. அதனால் துணைக்குருவி இருக்கும் இடத்தை நம்மால் நிரப்ப முடியாது. குறைந்தது இரண்டு வேண்டும்.

யாரை யாரோடு வைக்கலாம்?

குஞ்சு வேண்டாம் என்றால் ஆண் குருவிகளை மட்டும் சேர்த்து வளர்ப்பது சிறந்த வழி. பெண் குருவி கண்ணில் படாத, காதில் கேட்காத இடத்தில் இரண்டு ஆண்கள் பெரும்பாலும் நல்ல நண்பர்களாக இருக்கும். சேர்ந்தே தூங்கும். பாடுவதும் ஆண்தான் என்பதால் உங்களுக்கும் பாட்டு கிடைக்கும்.

பெண் குருவிகளை மட்டும் வளர்க்கலாமா? அவை பொதுவாக அமைதியாக இருக்கும். ஆனால் கோழியைப் போலவே ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். குஞ்சு வராது என்றாலும் கால்சியம் குறையும் ஆபத்து அப்படியே இருக்கும்.

எண்ணிக்கையும் முக்கியம். மூன்று ஸீப்ரா ஃபின்ச் என்றால் இரண்டு சேர்ந்துகொண்டு ஒன்றை ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. ஒரு சிறிய கூண்டில் இரண்டு ஜோடி இருந்தால் ஒரு ஜோடி மற்றதை அடக்கி ஆளும். ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பெரிய கூண்டு வைத்து ஆறு அல்லது அதற்குமேல் வளருங்கள். கூட்டம் பெரிதானால் ஒரே குருவி எப்போதும் அடி வாங்கும் நிலை குறையும்.

வெவ்வேறு வகைகளைச் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

- பெங்கலீஸ் ஃபின்ச் மிகவும் சாதுவானது. நம் ஊர்ப் புல்வெளிகளில் காணும் சில்லைகளின் உறவு. ஜப்பானில் பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்க்கப்பட்ட இனம்.
- ஸீப்ரா ஃபின்ச் துறுதுறுவென இருக்கும். கொஞ்சம் வம்பு பண்ணும். பயந்த சுபாவமுள்ள குருவிகளோடு நெருக்கமான கூண்டில் வைக்க வேண்டாம்.
- ஜாவா குருவி உருவத்தில் பெரியது, அலகும் தடிமன். சின்ன ஃபின்ச்களை மிரட்டக்கூடும்.
- பட்ஜி, லவ்பர்ட் போன்ற கிளி வகைகளோடு சேர்க்கவே கூடாது. அவற்றின் ஒரு கடியில் ஃபின்ச்சின் கால் துண்டாகிவிடலாம்.

ஆணா, பெண்ணா - எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸீப்ரா ஃபின்ச் என்றால் சுலபம். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் கறுப்பு வரிகள், பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஆண். பெண் பெரும்பாலும் சாம்பல் நிறம். ஆணின் அலகு நல்ல சிவப்பு, பெண்ணுடையது சற்று வெளிறிய ஆரஞ்சு. முழு வெள்ளை ஸீப்ரா ஃபின்ச்சை அலகு நிறத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை! குஞ்சுகள் ஆணாக இருந்தாலும் பெண் மாதிரியே சாம்பல் நிறத்தில் இருக்கும். அவற்றின் அலகு கறுப்பாக இருக்கும். "ரெண்டும் பெண்தான்" என்று நம்பிக் கறுப்பு அலகுக் குருவிகளை வாங்கினால் பின்னால் ஏமாற்றம் ஏற்படலாம். நிறம் முழுமையாக வந்த குருவிகளையே தேர்ந்தெடுங்கள்.

பெங்கலீஸ் ஃபின்ச்சில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. உடலை நிமிர்த்தி, இறகைப் புசுபுசுவென வைத்துக்கொண்டு பாடினால் அது ஆண். அதனால் வாங்குமுன் சற்றுநேரம் பொறுமையாக நின்று கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஜோடியா வாங்கிட்டேன், இப்போ என்ன செய்ய?

கவலை வேண்டாம். பிரிக்க மனமில்லை என்றால் "இது குஞ்சு பொரிக்க ஏற்ற காலமல்ல" என்று குருவியின் உடம்புக்கு உணர்த்த வேண்டும்.

கூட்டை எடுத்துவிடுங்கள்: "பாவம், கூடு இல்லாம எப்படித் தூங்கும்?" என்று பலர் கேட்பதுண்டு. ஸீப்ரா ஃபின்ச்சும் பெங்கலீஸ் ஃபின்ச்சும் உயரமான குச்சியில் உட்கார்ந்தே நிம்மதியாகத் தூங்கும். கூடு இருந்தால் அதில் முட்டை வரும்.

கூடு கட்டும் பொருள்களையும் அகற்றுங்கள்: புல், பஞ்சு, நூல், டிஷ்யூத் தாள் எதுவும் கூண்டுக்குள் வேண்டாம். நூல் காலில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சில குருவிகள் தீனிக் கிண்ணத்தையே கூடாக்கிவிடும். அகலமான, ஆழமில்லாத கிண்ணம் வையுங்கள்.

விருந்தைக் குறையுங்கள்: முட்டை உணவும் முளைவிட்ட தானியமும் குருவிக்கு "மழை வந்துவிட்டது" என்று சொல்லும். அன்றாடம் தானியக் கலவையும் கொஞ்சம் கீரையும் போதும். ஆனால் கால்சியத்தைக் குறைக்காதீர்கள். கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் தொங்கட்டும்.

விளக்கை அணையுங்கள்: சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். நாம் நள்ளிரவு வரை விளக்கு போட்டுத் தொலைக்காட்சி பார்த்தால் குருவிக்குப் பகல் 17 மணி நேரமாகிவிடும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் கூண்டை அமைதியான, இருட்டான அறைக்கு மாற்றுங்கள். அல்லது காற்றோட்டம் குறையாதபடி மெல்லிய துணியால் மூடுங்கள்.

முட்டை போட்டுடுச்சே!

உடனே எடுத்து வீசத் தோன்றும். அப்படிச் செய்தால் இழந்ததை ஈடுகட்ட அது மறுபடியும் முட்டையிடும். தாயின் உடம்புதான் தேயும்.

அதைவிட நல்ல வழி, முட்டையிட்ட அன்றே அதை எடுத்துவிட்டு அதே அளவிலான போலி முட்டையை வைப்பது. போலி முட்டை கிடைக்கவில்லையா? முட்டையைக் கொதிக்கும் நீரில் வேகவைத்து, நன்றாக ஆறியதும் திரும்ப வையுங்கள். குருவி சில வாரம் அடைகாத்துப் பார்க்கும். பொரியாது என்று தெரிந்ததும் தானே விட்டுவிடும். அதன்பின் முட்டைகளை அகற்றலாம். அடைகாத்துப் பல நாள் ஆன முட்டையில் குஞ்சு வளரத் தொடங்கியிருக்கும். அதனால்தான் முதல் நாளிலேயே செய்ய வேண்டும்.

கூண்டு சரியா இருந்தா பாதிச் சண்டை குறையும்

ஃபின்ச் குருவி மேலும் கீழும் ஏறுவதில்லை. பக்கவாட்டில் பறக்கும். அதனால் உயரமான கூண்டைவிட நீளமான கூண்டு நல்லது. ஒரு ஜோடிக்குக் குறைந்தது 75 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். கம்பிகளுக்கு இடையே சுமார் 1 சென்டிமீட்டருக்குமேல் இடைவெளி வேண்டாம்.

- தீனிக் கிண்ணமும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒரு குருவி காவல் நின்றாலும் மற்றது வேறிடத்தில் சாப்பிடலாம்.
- உயரத்தில் ஒரே ஒரு குச்சி இருந்தால் அதற்குப் போட்டி வரும். ஒரே உயரத்தில் இரண்டு, மூன்று வையுங்கள்.
- ஒளிந்துகொள்ளச் சில இலைக் கொத்துகளைத் தொங்கவிடுங்கள்.
- கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். நேரடி மதிய வெயில் வேண்டாம்.
- சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்குமேல் சூடானால் வரும் வாயு பறவைகளைக் கொன்றுவிடும். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் அவற்றின் நுரையீரலுக்கு ஆகாது.

புதுக் குருவி வாங்கினால் நேரே உள்ளே விடாதீர்கள். சுமார் ஒரு மாதம் தனிக் கூண்டில், தனி அறையில் வைத்து நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். சேர்க்கும் நாளில் குச்சி, கிண்ணங்களின் இடத்தை மாற்றிவிடுங்கள். எல்லாருக்கும் அது புது வீடாகத் தோன்றும். "இது என் இடம்" என்று உரிமை கொண்டாடுவது குறையும்.

சும்மா விளையாட்டா, நிஜச் சண்டையா?

சில விநாடி அலகோடு அலகு மோதுவதும், லேசாகத் தள்ளிவிடுவதும் சாதாரணம். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டி இறகு கோத விடுவது நட்பின் அடையாளம்.

ஒரே குருவியைத் தொடர்ந்து விரட்டுவது, தீனிப் பக்கம் வரவிடாமல் தடுப்பது, தலையிலோ முதுகிலோ சொட்டை விழுவது, ரத்தம் - இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றே பிரித்துவிடுங்கள். "நாளைக்குச் சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். இவ்வளவு சின்ன உடம்பு நீண்டநேரம் பட்டினியைத் தாங்காது. முடிந்தால் வம்பு செய்யும் குருவியை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்.

பெண் குருவி இறகை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால், முக்கினால், மூச்சு வாங்கினால், முட்டை சிக்கியிருக்கலாம். உடனே பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எல்லா மருந்தகங்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. அதனால் வாங்குவதற்கு முன்பே அத்தகைய மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

நன்றாகப் பராமரித்தால் ஸீப்ரா ஃபின்ச் ஐந்து முதல் ஏழு ஆண்டு, சில வேளைகளில் அதற்கு மேலும் வாழும். தொடக்கநிலைப் பள்ளியில் படிக்கும் தம்பிக்கு இன்று வாங்கிக்கொடுக்கும் குருவி, அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதும் கூண்டில் பாடிக்கொண்டிருக்கலாம்.

கடையில் அந்த ஓலைக்கூட்டை எடுக்கக் கை நீளும்போது இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். அந்தக் காசுக்கு இன்னொரு தீனிக் கிண்ணமும் ஒரு கணவாய் ஓடும் வாங்கிவிடலாம்.