மஸ்கி மீனும் ஏரி வளமும்

வலையில் அகப்பட்ட மீன் மீண்டும் நீருக்குள் சென்றுவிடுமாயின், அதனை வலைஞனது தோல்வி என்றே உலகோர் கருதுவர். ஆயின், ஏரியிலுள்ள மீன்களுள் மிகப் பெரியனவற்றையே நாடி வலையிட்டு, அகப்பட்டவற்றை அளந்து குறித்து, அவற்றின் சினையை மட்டும் பெற்றுக்கொண்டு, ஊறு சிறிதும் நேராவண்ணம் அதே ஏரியில் விட்டுவிடும் தொழில் ஒன்றுண்டு. வட அமெரிக்காவில் மஸ்கலஞ்சு எனவும், சுருக்கமாக மஸ்கி எனவும் வழங்கும் நன்னீர் மீனைப் பெருக்குவதற்காக ஒவ்வோர் இளவேனிலிலும் இத்தொழில் நடைபெறுகின்றது. அதன் முறையையும், அதனால் அறிஞர் கற்றுக்கொண்ட பெரும் பாடம் ஒன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மஸ்கி என்பது பைக் என்னும் மீனினத்தைச் சார்ந்தது. அவ்வினத்துள் இதுவே மிகப் பெரியது. ஒஜிப்வே என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் மொழியிலிருந்து பிறந்தது இதன் பெயர். ‘பெரிய பைக்’ என்றும் ‘அழகற்ற பைக்’ என்றும் அதற்குப் பொருள் கூறுவர். பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, மிஸிஸிப்பி ஆற்றின் மேற்பகுதி, ஒஹாயோ ஆறு ஆகியவையும் அவற்றைச் சார்ந்த நீர்நிலைகளும் இதன் பிறப்பிடம். நீண்ட உடலும், தட்டையான மூக்கும், கூரிய பற்கள் நிறைந்த அகன்ற வாயும் உடையது. நம் நாட்டு வராலைப் போலவே நீர்ப்பூண்டுகளிடையே அசையாது பதுங்கியிருந்து, இரை அணுகியவுடன் அம்பெனப் பாய்ந்து பற்றும். நான்கு அடிக்கு மேல் நீண்ட மஸ்கிகளும் உண்டு. 1949ஆம் ஆண்டு விஸ்கான்ஸின் மாநிலத்து ஏரியொன்றில் பிடிபட்ட மஸ்கி 67½ இராத்தல் நிறையுடையது எனப் பதிவாகியுள்ளது. அம்மாநிலத்தார் 1955இல் இதனையே தம் மாநில மீனாக ஏற்றுக்கொண்டனர். பதினாயிரம் முறை தூண்டில் எறிந்தால் ஒருமுறை அகப்படும் மீன் என்று இதனைப் பற்றி அந்நாட்டுத் தூண்டிற்காரர் சொல்வதுண்டு. ஆதலின், ஒருவன் பெரிய மஸ்கி ஒன்றைப் பிடித்துவிட்டால், முற்காலத்தில் அதனைப் பாடம் செய்து, வீரன் தான் வென்ற கேடயத்தை மாட்டுவது போலத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பான்.

இத்துணை வலிய மீனுக்கு மனிதனது துணை எதற்கு என்று வினவலாம். வலிமை அதன் முதுமைக்கு உரியது. இளமையிலோ அது மிகவும் எளியது. பெண்மீன் சினைகொள்ளும் பருவம் அடைய ஐந்து முதல் ஏழாண்டு வரை செல்லும். ஒரு பெரிய பெண்மீன் இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடுமெனினும், வராலைப் போலத் தன் குஞ்சுகளைக் காத்துத் திரிவதில்லை. முட்டைகளை ஆழமற்ற நீரில் சிதறிவிட்டு அகன்றுவிடும். சேறு மூடி மூச்சற்று அழிவன பல. எஞ்சியவை பொரிக்கும்போது, அவற்றுக்கு முன்னரே பொரித்துச் சற்றே பெரியனவாகிவிட்ட வடபுலப் பைக் மீனின் குஞ்சுகள் அவற்றை விழுங்கிவிடும். இவற்றோடு, கரையோர நாணலையும் நீர்ப்பூண்டையும் அழித்து வீடுகளும் படகுத்துறைகளும் கட்டப்பட்டமையாலும், பெரிய மீன்களைக் கொன்றெடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியமையாலும் பல ஏரிகளில் மஸ்கி அருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நியூயார்க் மாநிலத்துச் சட்டாக்குவா ஏரிக்கரையில் இம்மீனைச் செயற்கையாகப் பொரிக்கும் முயற்சி தொடங்கியது. விஸ்கான்ஸின், மின்னசோட்டா முதலிய மாநிலங்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின.

மாரிக்காலம் முழுவதும் அந்நாட்டு ஏரிகள் பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கும். இளவேனிலில் கட்டி உருகி, நீரின் வெப்பம் பாரன்ஹீட் அளவில் 50 பாகையை அணுகுங்கால், மஸ்கிகள் ஆழத்தினின்றும் எழுந்து கரையோரத்தை நாடும். அக்காலமே வலையிடுங் காலம். அது சில நாட்களே நிலைக்கும். ஒரு வாரம் தவறினால் ஓராண்டு தவறியதாகும். இதற்குப் பயன்படும் வலை நம் ஊர்ப் பறியை ஒத்தது. கரையினின்று ஏரியை நோக்கி நேராக ஒரு வலைச்சுவர் செல்லும். கரையோரமாக நீந்திவரும் மீன் அச்சுவரால் தடைப்பட்டு, அதனைச் சுற்றிக்கொண்டு ஆழத்தை நோக்கித் திரும்பும். அச்சுவரின் கடைசியில் வளையங்களால் விரிக்கப்பட்ட நீண்ட வலைப்பை ஒன்று காத்திருக்கும். அதன் வாய் உட்புறமாகக் குறுகிச் செல்வதால், புகுந்த மீன் வெளியேற வழி காணாது. செவுளில் மாட்டி மீனைக் கொல்லும் வலைகளைப் போலன்றி, இதனுள் மீன் உயிரோடும் ஊறின்றியும் நீந்திக்கொண்டிருக்கும்.

நாள்தோறும் ஊழியர் படகிற் சென்று வலைப்பைகளைத் தூக்குவர். கை விறைக்கும் குளிர்நீரில் நின்று, முப்பது நாற்பது இராத்தல் நிறையும் பல்வரிசையும் உடைய மீனை அடக்குதல் எளிதன்று. வாயைப் பற்றித் தொங்கவிட்டால் அதன் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் கேடுறுமாதலின், இருவர் சேர்ந்து அதன் உடலை நீளவாட்டில் தாங்கியே எடுப்பர். ஒவ்வொரு மீனின் நீளமும், ஆண் பெண் என்னும் வேறுபாடும் குறிக்கப்படும். நெல்மணியளவுள்ள குறிச்சில்லு ஒன்றைத் தோலின்கீழ்ச் செலுத்துவதும் உண்டு. பல்லாண்டு கழித்து அதே மீன் மீண்டும் அகப்பட்டால், சில்லிலுள்ள எண்ணைக் கருவியாற் படித்து அதன் வளர்ச்சியை அறிந்துகொள்வர்.

சினை முதிர்ந்த பெண்மீனின் வயிற்றை முன்னிருந்து பின்னாக மெல்லத் தடவினால், முட்டைகள் மணிமணியாக உலர்ந்த பாத்திரத்தில் வீழும். ‘உலர்ந்த’ என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்மீனின் விந்தணு நீர்பட்டவுடன் துடித்தெழும்; அத்துடிப்பு ஒரு நிமிட அளவே நிலைக்கும். முட்டையும் நீரை உறிஞ்சியவுடன் தன் நுண்வாயை மூடிக்கொள்ளும். எனவே, முட்டையையும் விந்தையும் முதலில் ஒருங்கு சேர்த்துவிட்டு, அதன் பின்னரே நீர் ஊற்றி மெல்லக் கலக்குவர். அங்ஙனம் செய்தால் இரண்டும் ஒரே கணத்தில் விழித்தெழுந்து ஒன்றுபடும். சினை கொடுத்த மீன் உடனே ஏரியில் விடப்படும்; முதிராச் சினையுடைய மீனை வருத்துவதில்லை.

பொரிப்பகத்தில் முட்டைகளைக் கண்ணாடிச் சாடிகளில் இட்டு, அடியிலிருந்து மேலாக நீரை ஓடச் செய்வர். அவ்வோட்டத்தால் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் மூச்சுத் திணறாமலும் மெல்லப் புரண்டுகொண்டிருக்கும். இறந்த முட்டைகள் வெண்ணிறமாகி மேலெழும். அவற்றை நாள்தோறும் நீக்காவிடின் பூஞ்சை படர்ந்து நல்லவற்றையும் கெடுக்கும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் செயின்ட் கிளேர் ஏரியிலும் நச்சுக்கிருமி ஒன்றால் குருதிப்போக்கு நோய் பரவி, மஸ்கிகள் பல மடிந்தன. அந்நோய் பொரிப்பகத்தினுள் புகாதிருக்க முட்டைகளை அயோடின் கலந்த நீரில் கழுவுதல் வழக்கமாயிற்று. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். முதலில் தம் வயிற்றிற் கட்டியுள்ள கருவுணவையே உண்டு அசையாது கிடக்கும். அது தீர்ந்தவுடன் பசியோடு எழும்.

அப்பசியே வளர்ப்பாரின் பெருங்கவலை. நீரிலுள்ள நுண்ணுயிர்களைச் சிலநாள் உண்ட பின்னர், மஸ்கிக் குஞ்சு வேறு மீன்குஞ்சுகளையே வேண்டும். அவை கிடையாவிடின் உடன்பிறந்ததையே விழுங்கும். ஆகவே, ஒரு மீனை வளர்க்க வேறு மீன்கள் பல வளர்க்கப்படல் வேண்டும். வெண்சக்கர் என்னும் மீனின் குஞ்சுகளும் மின்னோ என்னும் சிறுமீன்களும் உயிரோடு குளங்களில் இடப்படும். இதற்குப் பெரும்பொருள் செலவாகும். அச்செலவுக்கு அஞ்சிச் சிறு குஞ்சுகளையே ஏரியில் விட்டால், அவற்றுள் பிழைப்பன மிகச் சில. ஆதலின், பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம் வளர்ந்த பின், இலையுதிர் காலத்தில் விடுவதே ஏற்றது எனக் கண்டனர். உயிரிரையைத் துரத்திப் பிடித்து வளர்ந்த குஞ்சு, உணவு உருண்டைகளை உண்டு வளர்ந்த குஞ்சைவிட ஏரியில் நன்கு பிழைக்கின்றது என்பதும் ஆராய்ச்சியால் விளங்கிற்று.

இனி, இத்தொழிலின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவோம். எந்த ஏரியின் மீனைத் தாய்மீனாகக் கொள்வது? மின்னசோட்டாவின் வடகோடியில் ஷூபேக் என்னும் சிற்றேரி ஒன்று உளது. அதில் மஸ்கிகள் அடர்ந்து வாழ்வதால், தாய்மீன் எளிதில் அகப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பல்லாண்டுகள் அம்மீனின் வழிவந்த குஞ்சுகளே அம்மாநிலத்துப் பல ஏரிகளில் விடப்பட்டன. குஞ்சுகள் பிழைத்தன, வளர்ந்தன, ஆயினும் பெருக்கவில்லை. இரை மிகுந்த அகன்ற ஏரிகளிலும் அவை சிறுத்தே நின்றன. ஷூபேக் மீன் சிறுத்திருப்பது ஏரியின் குறையென எண்ணுதற்கு இடமிருந்தது. அது குருதியோடு வந்த இயல்பென்பது பின்னரே தெளிவாயிற்று. அம்மாநிலத்திலேயே இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய லீச் ஏரியில் பெருத்து வளரும் மஸ்கி இனம் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்தது. 1980களில் அவ்வினத்தைத் தாய்மீனாகக் கொள்ளத் தொடங்கினர். வெவ்வேறு இனங்களை ஒரே ஏரிகளில் விட்டு ஒப்பிட்ட ஆய்வொன்று 1992இல் வெளிவந்தது. அதிலும் ஷூபேக் இனமே வளர்ச்சியிற் பின்தங்கியது. ஆயினும் பழைய வித்து எளிதில் மறையவில்லை. வட மின்னசோட்டா ஏரியொன்றைப் பற்றி 2009இல் வெளியான மரபணு ஆய்வு, ஷூபேக் வழியின் கலப்பு அங்கே பின்னும் தங்கியிருந்ததைக் காட்டிற்று. ஒருமுறை ஏரியில் விட்டதை மீட்டெடுத்தல் அரிது.

அங்ஙனமாயின், மிகப் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து அதன் முட்டைகளையே எல்லா ஏரிகளுக்கும் வழங்கலாமே எனின், அதுவும் தவறாம். ஒரே தாயின் இலட்சம் மக்கள் ஓர் ஏரியை நிறைத்தால், பின்வரும் தலைமுறைகளில் உடன்பிறந்தவையே தம்முட் கலக்க நேரும். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். பலவகை இயல்புகளும் கலந்திருத்தலே ஓர் இனத்தின் காப்பு. அதனால் பெரியதும் நடுத்தரமுமாகப் பல பெண்மீன்களிடத்துச் சிறிது சிறிதாகச் சினை பெற்று, ஒரு பெண்மீனின் முட்டைகளைப் பகுத்து வெவ்வேறு ஆண்மீன்களின் விந்தோடு சேர்ப்பர். குஞ்சு விடப்படும் ஏரியின் ஆற்றுப்படுகைக்கு உரிய இனமே நாடப்படும். இயற்கையாகவே மஸ்கி இனம் பெருகும் ஏரிகளை அவ்வாறே விட்டுவிடுதலே அறிவுடைமை எனவும் கருதப்படுகின்றது.

இப்பணிக்கு எதிர்ப்பும் உண்டு. வாலாய் என்னும் சுவைமிகுந்த மீனை விரும்பிப் பிடிப்போர், மஸ்கியை விட்டால் தம் மீனை அது தின்றுவிடும் என அஞ்சினர். அவ்வச்சம் இயல்பானதே, ஏரி அனைவர்க்கும் பொதுவன்றோ? மின்னசோட்டாவில் மஸ்கி விடப்பட்ட 41 ஏரிகளின் பழைய கணக்குகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கையில், வாலாய் முதலிய மீன்கள் ஏரிதோறும் ஒரே சீராகக் குறைந்தமைக்குச் சான்று காணப்படவில்லை. ஆயினும் விவாதம் ஓயவில்லை. இங்ஙனம் ஒரு சாரார் விருப்பத்தையும் மறுசாரார் அச்சத்தையும் நடுநின்று எடையிடுதலும் மீன்வளத் துறையாரின் கடமையாயிற்று.

வலையால் தொடங்கிய பணி தூண்டிற்காரரின் உள்ளத்திலேயே நிறைவுறுகின்றது. 1966இல் மின்னசோட்டாவில் நிறுவப்பட்ட மஸ்கீஸ் இன்கார்ப்பரேட்டட் என்னும் சங்கத்தார், பிடித்த மஸ்கியை உயிரோடு விடுக என்று வற்புறுத்தி வந்தனர். இன்று பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். 2015 முதல் அம்மாநிலத்து ஏரிகளிற் பெரும்பான்மையானவற்றில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளல் சட்டத்தால் விலக்கப்பட்டது. அங்கே 1957இல் பிடிபட்ட 54 இராத்தல் மீனே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிறையில் முதன்மை பெற்றிருந்தது. 2021 நவம்பரில் மில் லாக்ஸ் ஏரியில் 55 இராத்தலுக்கு மேற்பட்ட மஸ்கி ஒன்று பிடிபட்டு அதனை வென்றது. மில் லாக்ஸ், குஞ்சு விடுதலினாலேயே மஸ்கி வாழும் ஏரியென்பது கருதற்குரியது.

இதனின்று ஓர் உண்மை புலனாகின்றது. ஏரிக்கு எத்தனை ஆயிரம் குஞ்சுகள் விடப்பட்டன என்னும் எண்ணிக்கை ஆண்டறிக்கையை அணி செய்யும். அவை எவ்வழி வந்தவை என்பதே அவ்வேரியின் எதிர்காலத்தை முடிவுசெய்யும். எளிதில் அகப்பட்டதை வித்தாகக் கொண்டதன் விளைவை ஒரு தலைமுறை கழித்தே கண்டனர்; ஆய்ந்து தேர்ந்த வித்தின் பயனும் அங்ஙனமே நெடுங்காலம் கழித்துக் கிட்டியது. இன்று பனி உருகும் நீரில் நின்று ஒரு பெருமீனின் சினையைப் பெற்று அதனை விட்டுவிடும் இளைஞன், அதன் வழித்தோன்றல் அவ்வளவு பெருக்கும் நாளில் நரைமுதிர்ந்தவனாய் இருப்பான். அவன் காணாவிடினும் ஏரி அதனைக் காணும்.