அடுப்படியிலிருந்து சிறைச்சாலை வரை

"வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா?" என்று நம் குடும்பங்களில் கேட்பது வழக்கம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கதையாக எழுதி ஊரறியச் சொன்ன இரு தமிழ்ப் பெண்களை நீங்கள் அறிவீர்களா?

முதலாமவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால், கதை சொல்வதில் கெட்டிக்காரி. ஆரம்பத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு தாமே எழுதப் பழகினார். 1925இல் 'ஜகன்மோகினி' மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். விதவையின் துயரம், வரதட்சணை, குடியால் சீரழியும் குடும்பம் ஆகியவையே அவர் கதைகளின் கரு.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் இறங்கி, 1932இல் சிறை சென்றார். அங்கும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்ற பிள்ளைகளை நம் தோட்டங்களும் கண்டவைதாமே! கோதைநாயகியின் கோபம் நமக்குப் புரியாததா?

இரண்டாமவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்து, சிறு வயதிலேயே தேவதாசிக் குடும்பத்தில் விடப்பட்டவர். தாம் நேரில் கண்ட கொடுமைகளை 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலாக்கினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மேடையேறிப் பேசினார். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தபோது அதைக் கண்ணாரக் கண்டார்.

கடல் கடந்த ஜெர்மனியிலும் அக்காலத்தில் இர்ம்கார்ட் காய்ன் என்னும் இளம் பெண், அலுவலகத்தில் தட்டச்சு செய்து பிழைக்கும் பெண்களின் ஆசைகளையும் அவமானங்களையும் நாவலாக எழுதினார். 1933இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லரின் அரசு அவர் நூல்களைத் தடை செய்தது. ஒரு பெண்ணின் வீட்டுக் கதைக்கு அரசாங்கமே அஞ்சியது, பாருங்கள்!

நம் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயத்தில் வாழ்ந்தவர்கள் ஈப்போவுக்கும் சுற்றுப்புறத் தாமான்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன பாட்டிகள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாடும் வீட்டு விஷயம் மட்டும்தானா? அது நம் சமுதாயத்தின் வரலாறு.

பாட்டிக்கு எழுதத் தெரியாமலிருக்கலாம். கோதைநாயகிக்கும் முதலில் தெரியாதுதானே! பாட்டி சொல்லட்டும், உங்கள் மகள் பட்டம்மாளாக இருந்து எழுதட்டும். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.